ஊழியத்திற்கும் ஓய்வுநாள் உண்டு

வேதபாடப் பகுதி: யாத்திராகமம் 16:22-30; உபாகமம் 5:12-15; நெகேமியா 13:15-22; எபிரெயர் 4:1-11

பெங்களூரு சிவாஜிநகரில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஓசைகளோடு விடிகிறது. ஒன்று ஆலய மணியின் ஓசை. மற்றொன்று கடைகளின் இரும்புக் கதவுகள் மேலே சுருட்டப்படும் ஓசை. 1927ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ரஸல் மார்க்கெட்டும், 1882ஆம் ஆண்டில் பிரதிஷ்டை செய்யப்பட்ட தூய மரியன்னை பேராலயமும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. ஆராதனைக்குச் செல்வோரும் கறி வாங்கச் செல்வோரும் ஒரே தெருவில் தோளோடு தோள் உரசி நடக்கின்றனர். இருவரும் ஒருவராகவே இருப்பதும் உண்டு. வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகை நேரத்திற்காகச் சற்று அடங்கும் வியாபாரம், ஞாயிற்றுக்கிழமையில் அடங்குவதில்லை. பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் விடுமுறை என்பதனாலேயே அன்று கமர்ஷியல் தெருவில் கூட்டம் பெருகுகிறது. ஒருவருடைய விடுமுறை மற்றொருவருடைய மிகக் கடினமான வேலைநாளாகிறது.

இப்பகுதியின் தமிழ் மக்களுக்கு இது புதிதன்று. 1809ஆம் ஆண்டில் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து சென்னைப் படை பெங்களூருக்கு இடம் மாறியபோது, அப்படையின் பின்னால் சமையற்காரர், புல் வெட்டுவோர், கொத்தனார், வண்டிக்காரர், சிறு வணிகர் எனத் தமிழ் பேசுவோர் திரளாய் வந்து குடியேறினர். ‘தண்டு’ என்று ஊரார் அழைத்த அந்தப் படைக்குடியிருப்பில், பிளாக்பள்ளி என்று அந்நாளில் பெயர் பெற்றிருந்த பகுதியே பின்னர் சிவாஜிநகர் ஆயிற்று. படைக்குப் பணிவிடை செய்யும்படி உண்டான ஊர் அது. பணிவிடை செய்பவனுக்கு ஓய்வு எப்போது என்னும் கேள்வி அதன் அஸ்திபாரத்திலேயே இருக்கிறது.

அதிகாலை ஆராதனையில் அமர்ந்து, ஒன்பது மணிக்குக் கடை திறக்க ஓடும் விசுவாசிகள் அங்கே இருக்கிறார்கள். துணிக்கடையில் வேலை செய்யும் இளம்பெண், மருத்துவமனைச் செவிலியர், ஆட்டோ ஓட்டுநர், வீடுகளுக்கு உணவு கொண்டு செல்லும் இளைஞன் ஆகியோருக்கு ஞாயிறு என்பது நாட்காட்டியில் சிவப்பு மையில் அச்சிட்ட எண் மாத்திரமே. இவர்களில் எவரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது இப்பாடத்தின் நோக்கமன்று. வேதாகமம் அந்தக் கூண்டில் நிறுத்துகிறவர்கள் வேறு யாரோ என்பதை இனி வரும் பகுதிகள் காட்டும்.

செங்கல்லும் மன்னாவும்

ஓய்வுநாள் என்றதும் பலருக்கும் சீனாய் மலையும் பத்துக் கற்பனைகளும் நினைவுக்கு வரும். ஆனால் இஸ்ரவேலர் ஓய்வுநாளைக் கற்றுக்கொண்டது மலையடிவாரத்தில் அன்று. அதற்கு முன்பே, வனாந்தரத்தில், பசியின் நடுவில். கற்பனைகள் யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் வருகின்றன; மன்னாவோ 16ஆம் அதிகாரத்திலேயே வந்துவிடுகிறது. தலைக்கு ஒரு ஓமர் வீதம் நாள்தோறும் சேர்க்க வேண்டும். மறுநாளுக்கென்று வைத்தால் புழுத்து நாறும். ஆறாம் நாளில் மாத்திரம் இரண்டு ஓமர் கிடைக்கும், அது கெடாது. ஏழாம் நாளில் வெளியே சென்றவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

வெளியே சென்றவர்களை எளிதில் பழித்துவிடலாகாது. தலைமுறை தலைமுறையாய்ச் செங்கல் கணக்கிலேயே வளர்ந்த ஜனங்கள் அவர்கள். எகிப்தில் வேலை நின்றால் அடி விழும். வைக்கோலை நிறுத்திவிட்டுச் செங்கல் கணக்கைக் குறைக்க மறுத்த பார்வோன் அவர்களுக்குச் சூட்டிய பெயர் சோம்பேறிகள் என்பது (யாத். 5:8, 17). அதே அதிகாரத்தின் ஐந்தாம் வசனத்தில், மோசேயும் ஆரோனும் ஜனங்களைச் சுமை சுமப்பதிலிருந்து ஓயப்பண்ணுகிறார்கள் என்று பார்வோன் குற்றஞ்சாட்டுகிறான். அங்கே எபிரெய மூலத்தில் வரும் வினைச்சொல் ஓய்வுநாளைக் குறிக்கும் சொல்லோடு ஒரே வேர் உடையது. வேதாகமத்தில் ஓய்வைக் குறித்த முதல் முறைப்பாடு, அடிமைகளின் எஜமான் வாயிலிருந்தே வருகிறது என்பது கவனிக்கத்தக்கது. உழைப்பவன் ஓய்ந்தால் சோம்பேறி என்பது பார்வோனுடைய இறையியல்.

ஆகவே மன்னா வெறும் ஆகாரமன்று. அது ஒரு பள்ளிக்கூடம். வேலை செய்யாத நாளிலும் போஜனம் உண்டு என்பதை வயிற்றின் வழியாய்க் கற்பித்த பள்ளிக்கூடம். ஏழாம் நாளில் ஓய்ந்திருப்பதற்கு விசுவாசம் தேவைப்பட்டது. ஏனெனில் ஆறாம் நாள் இரவில் கூடாரத்தில் எஞ்சியிருந்த ஒரு ஓமர் மன்னா, அதற்கு முந்தைய நாட்களின் அநுபவத்தின்படி, விடியும்போது புழுத்திருக்க வேண்டியது. அது புழுக்காது என்று நம்பி உறங்கச் செல்வதே முதல் ஓய்வுநாள் ஆசரிப்பு. ஞாயிறன்று கடையை அடைத்தால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார் என்னும் சிறு வணிகருடைய அச்சம் இதே வகையைச் சேர்ந்தது. அந்த அச்சம் பொய்யானதன்று; வாடிக்கையாளர் உண்மையாகவே போகக்கூடும்.

இதில் சமையலைப் பற்றிய ஒரு குறிப்பும் இருக்கிறது. சுட வேண்டியதையும் வேவிக்க வேண்டியதையும் முந்தின நாளிலேயே முடித்துவிடும்படி மோசே சொல்கிறார் (16:23). தமிழ்க் கிறிஸ்தவ இல்லங்களில் வாரத்தின் மிகப் பெரிய சமையல் எந்நாளில் நடைபெறுகிறது என்று கேட்க வேண்டியதில்லை. ஆராதனை முடிந்து வந்ததும் ஆண்கள் செய்தித்தாளோடு அமர்கிறார்கள்; பெண்கள் இஞ்சி பூண்டு அரைக்கத் தொடங்குகிறார்கள். பிரியாணி பாவமன்று. ஆனால் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன் என்று ஓய்வடைய வேண்டியவர்களை வரிசைப்படுத்தும் கற்பனையில் மனைவியின் பெயர் தனியே வராததைக் கண்டு, அவளுக்கு விலக்கு உண்டு என்று ஒருவரும் எண்ணிவிடலாகாது. கட்டளை பெறுகிறவர்களின் இடத்திலேயே அவளும் நிற்கிறாள் என்பதே வேத அறிஞர் பலருடைய கருத்து.

இரண்டு காரணங்கள்

பத்துக் கற்பனைகள் இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருக்கின்றன. ஓய்வுநாள் கற்பனைக்கு அவ்விரண்டு இடங்களிலும் வெவ்வேறு காரணம் தரப்படுகிறது. யாத்திராகமத்தில் காரணம் சிருஷ்டிப்பு: தேவன் ஆறுநாள் வேலை செய்து ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார். உபாகமத்தில் காரணம் விடுதலை: இஸ்ரவேலர் எகிப்தில் அடிமைகளாயிருந்தனர். உபாகமம் மாட்டையும் கழுதையையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. அத்துடன், வேலைக்காரனும் வேலைக்காரியும் எஜமானைப் போலவே இளைப்பாற வேண்டும் என்னும் நோக்கத்தையும் வெளிப்படையாகக் கூறுகிறது.

முதற்காரணத்தைப் பற்றிய பிரசங்கங்கள் ஏராளம். இரண்டாவது காரணத்தைப் பற்றிக் கேட்பது அரிது. ஓய்வுநாள் என்றால் ‘என்னுடைய ஆராதனை, என்னுடைய ஜெபம், என்னுடைய ஆத்தும இளைப்பாறுதல்’ என்று எண்ணும் விசுவாசி, தன் வீட்டு வேலைக்காரிக்கு அந்த நாளில் என்ன நேர்கிறது என்று கேட்க உபாகமம் வற்புறுத்துகிறது. குடும்பம் ஆலயத்திற்குச் செல்வதால், அன்று பாத்திரம் கழுவ அவள் சற்று முன்னதாகவே வரவேண்டியிருக்கிறது என்றால், அந்த வீட்டில் ஓய்வுநாள் தலைகீழாய் ஆசரிக்கப்படுகிறது. வீட்டுப் பணியாளருக்கு வாரந்தோறும் தொடர்ச்சியாய் 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கை இயற்றியது. இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. கிறிஸ்தவ இல்லம் ஒன்று அதைச் செய்வதற்கு அரசாங்கத்தின் கையொப்பம் தேவையில்லை.

ஊழியம் என்னும் சொல்

தமிழ்ச் சபைகளில் ‘ஊழியம்’ என்பது மகிமையான சொல். ஊழியக்காரர், ஊழியப்பாதை, முழுநேர ஊழியம் என்று அது ஒவ்வொரு பக்கத்திலும் வருகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், அதே சொல்லைக் கேட்ட ஏழைக்கு வயிறு கலங்கும். அங்கே ஊழியம் என்பது அரசாங்கம் ஒடுக்கப்பட்ட சாதியாரிடமிருந்து கூலியின்றிக் கட்டாயமாய் வாங்கிய வேலை. சுமை சுமக்க வேண்டும். யானைகளுக்குத் தீவனம் கொண்டு வர வேண்டும். கச்சேரிகளுக்கு ஓலை கொடுக்க வேண்டும். வேலி கட்ட வேண்டும். அழைப்பு வந்த நாளில் சொந்த வயல் காய்ந்தாலும், வீட்டில் பிள்ளை நோயுற்றிருந்தாலும் போக வேண்டும்.

1806ஆம் ஆண்டில் லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே அப்பகுதிக்கு வந்தார். மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம் என்னும் விசுவாசியின் அழைப்பே அவரை அங்கே கொண்டு வந்தது. சபைகள் தோன்றின. ஆனால் சபையார் ஞாயிற்றுக்கிழமையில் கூடிவர வேண்டுமே! அந்த நாளிலும் ஊழிய அழைப்பு வந்தது. வேலைக்கு வராதவனுக்கு அடியும் அபராதமும் காத்திருந்தன. ‘சோம்பேறிகள்’ என்ற பழைய சொல் மீண்டும் கேட்டது.

1810ஆம் ஆண்டில் திருவிதாங்கூரின் ரெசிடென்டாக வந்து, சில ஆண்டுகள் திவானாகவும் பொறுப்பு வகித்த கர்னல் ஜான் மன்றோவின் செல்வாக்கினால், கிறிஸ்தவர்களை ஞாயிற்றுக்கிழமையில் ஊழியத்திற்கு அழைக்கலாகாது என்னும் ஆணை பிறந்தது. எஞ்சிய ஆறு நாட்களும் பழையபடியே நீடித்தன என்பதை மறைக்கலாகாது. ஆணை இருந்தும் கீழ்நிலை அதிகாரிகள் அதைப் புறக்கணித்தனர் என்னும் முறையீடு மிஷனெரிகளின் எழுத்துக்களில் பல ஆண்டுகள் தொடர்ந்தது. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பிரகடனம் 1855ஆம் ஆண்டில்தான் வந்தது.

ஆயினும் அந்த ஒரு நாள் சாதாரணமானதன்று. ஏழில் ஒரு நாளாவது ‘இவன் எனக்குச் சொந்தமல்ல’ என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது. ஒருவன் மேல் ஒரு நாள் உரிமை இல்லையென்றால், மற்ற ஆறு நாட்களின் உரிமையும் கேள்விக்குள்ளாகிறது. அந்த ஞாயிறுகளில் ஓலைக்கூரைக் கோவில்களில் அமர்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டவர்களின் சந்ததியார் பின்னர் ஆசிரியரும் மருத்துவரும் போதகருமாயினர். உபாகமம் 5ஆம் அதிகாரத்தை அவர்கள் விளக்கவுரையின் உதவியின்றிப் புரிந்துகொண்டிருப்பார்கள்.

இதே உரிமை பம்பாய் ஆலைத் தொழிலாளருக்குக் கிடைத்தது, வேதாகமத்தை விசுவாசியாத ஒருவருடைய முயற்சியால். ஜோதிராவ் பூலேயின் தோழரும் ‘தீனபந்து’ இதழின் ஆசிரியருமான நாராயண் மேகாஜி லோகண்டே, 1884ஆம் ஆண்டில் தொழிலாளரைத் திரட்டி வாரந்தோறும் ஞாயிறு விடுமுறை வேண்டுமென்று விண்ணப்பித்தார். 1890 ஏப்ரல் 24ஆம் நாள் சுமார் 10,000 தொழிலாளர் கூடினர். பெண் தொழிலாளர் இருவரும் அக்கூட்டத்தில் பேசினர். அவ்வாண்டு ஜூன் 10ஆம் நாள் ஆலை முதலாளிகள் இணங்கினர். ஆறு ஆண்டு காலப் போராட்டம் அது. மறு ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையைச் சட்டத்தில் சேர்த்தது. இன்று விடுமுறையில் நிம்மதியாய் ஆலயம் செல்லும் இந்தியக் கிறிஸ்தவர், அந்த ஆலைத் தொழிலாளரின் பாடுகளுக்கும் கடன்பட்டிருக்கிறார்.

சனியா, ஞாயிறா?

இக்கேள்வியைக் கேட்காமல் ஓய்வுநாள் பாடம் எதுவும் முடிவதில்லை. வேதாகம ஓய்வுநாள் வெள்ளி மாலை தொடங்கிச் சனி மாலை முடிவது. ஆதித்திருச்சபை உயிர்த்தெழுதலின் நாளாகிய வாரத்தின் முதல் நாளில் கூடிவந்தது. அந்நாளைப் பொது ஓய்வு நாளாக அறிவித்தது கி.பி. 321ஆம் ஆண்டில் பேரரசர் கான்ஸ்டன்டைன் பிறப்பித்த கட்டளை. பயிர்த்தொழில் செய்வோருக்கு அதில் விலக்கு இருந்தது. தமிழ்ச் சபைகளில் ஞாயிறு வகுப்பை ‘ஓய்வுநாள் பள்ளி’ என்று அழைக்கும் வழக்கம், இரண்டு நாட்களையும் ஒன்றாக்கிவிட்ட ஒரு பழைய பழக்கத்தின் அடையாளம்.

தமிழ்நாட்டில் இக்கேள்வியை ஒருவர் வாழ்க்கையையே பணயமாய் வைத்துக் கேட்டார். நாசரேத்திற்கு அருகிலுள்ள பிரகாசபுரத்தில், சட்டம்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அருமைநாயகம், மிஷனெரிகளோடு ஏற்பட்ட பிணக்கினால் பிரிந்து, 1857ஆம் ஆண்டில் அந்நிய உதவியற்ற இந்து கிறிஸ்தவ சபையை நிறுவினார். ஐரோப்பியருடைய பழக்கங்களை விலக்கிப் பழைய ஏற்பாட்டு முறைகளை ஏற்ற அச்சபை, சனிக்கிழமையையே ஓய்வுநாளாய் ஆசரித்தது. அந்தப் பிணக்கில் நியாயம் எவர் பக்கம் என்பது தனியே ஆராயப்பட வேண்டிய பொருள். ஆனால் வெள்ளைக்காரர் சொன்ன நாள் என்பதற்காக மாத்திரம் ஒரு நாளை ஆசரிக்க மறுத்து, வேதத்தைத் தானே திறந்து பார்த்த அந்தத் துணிவை எளிதில் தள்ளிவிட முடியாது.

ரோமர் 14ஆம் அதிகாரம் இத்தகைய காரியங்களில் சகோதரனை நியாயந்தீர்க்க வேண்டாம் என்கிறது. நாளைக் குறித்த சச்சரவில், அந்நாளில் யாருக்கு ஓய்வு கிடைக்கிறது என்னும் கேள்வி மறைந்துபோவதே பெரிய இழப்பு.

நாட்களையே மாற்றிப் பார்த்த அரசாங்கங்களும் உண்டு. பிரெஞ்சுப் புரட்சியாளர் 1793ஆம் ஆண்டில் பத்து நாள் வாரத்தைக் கொண்டு வந்தனர். சோவியத் ஒன்றியம் 1929ஆம் ஆண்டில் ஐந்து நாள் சுழற்சியைப் புகுத்தி, 1940ஆம் ஆண்டில் ஏழு நாள் வாரத்திற்கே திரும்பியது. தமிழ்க் கிறிஸ்தவர்களை நேரடியாய்த் தொட்ட சோதனை இலங்கையில் நடந்தது. 1966ஆம் ஆண்டில் அங்கே ஞாயிறு விடுமுறை நீக்கப்பட்டு, சந்திரனின் பிறைக்கணக்கின்படி வரும் போயா நாட்கள் வார விடுமுறையாயின. வாரத்தின் நீளமே மாறி மாறி வந்தது. பௌத்தருக்கு அது தங்கள் சொந்த ஓய்வுநாளை மீட்டெடுத்த காரியம்; அந்த ஏக்கத்தைக் கிறிஸ்தவர்கள் புரிந்துகொள்ளக் கடமைப்பட்டவர்கள். கிறிஸ்தவர்களுக்கோ ஞாயிறு வேலைநாளாயிற்று. 1971ஆம் ஆண்டில் பழைய முறை திரும்பும்வரை, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கொழும்பிலும் ஞாயிறு ஆராதனை என்பது வேலைநாளின் நடுவில் தேடிக்கொள்ள வேண்டிய ஒன்றாயிருந்தது. முதல் மூன்று நூற்றாண்டுகளின் திருச்சபையும் அவ்வாறே வாழ்ந்தது. விடுமுறை இல்லாத இடத்திலும் ஆராதனை உண்டு என்பது சிவாஜிநகரில் கடைவேலை செய்யும் விசுவாசிக்கு ஆறுதலான சரித்திரம்.

நெகேமியாவின் வாசற்கதவுகள்

ரஸல் மார்க்கெட்டை அறிந்தவர் நெகேமியா 13ஆம் அதிகாரத்தை வாசித்தால் அந்தக் காட்சி கண்முன் வரும். ஓய்வுநாளில் திராட்சரசம், திராட்சப்பழம், அத்திப்பழம் என்று கழுதைகளின் மேல் சுமை சுமையாய் எருசலேமுக்குள் வருகிறது. தீருவின் வியாபாரிகள் மீன் கொண்டு வந்து விற்கிறார்கள். நெகேமியா யாரோடு வழக்காடினார்? சரக்குக் கொண்டு வந்தவர்களை எச்சரித்தார்; ஆனால் வியாபாரத்தைப் பற்றி வழக்காடியது யூதாவின் பெரிய மனிதரோடு (13:17). மேலும், 10ஆம் அதிகாரத்தில் ஜனங்கள் செய்த பிரமாணத்தைத் திருப்பிப் பார்த்தால், ஓய்வுநாளில் பிறர் விற்க வந்தால் வாங்குவதில்லை என்பதே அவர்கள் ஏற்ற பொறுப்பு (10:31). அதாவது பொறுப்பு முதலாவது வாங்குகிறவனுடையது, அதிகாரமுள்ளவனுடையது. தலைச்சுமை வியாபாரிக்கு அறிவுரை கூறுவது எளிது. சனிக்கிழமை மாலையிலேயே கறியும் காய்கறியும் வாங்கிவிடுவது சற்றுச் சிரமமானது.

கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம் 1961ஆம் ஆண்டிலிருந்தே பணியாளருக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 2021 ஜனவரியில் மாநில அரசு, 10 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் உள்ள நிறுவனங்கள் எல்லா நாட்களிலும் 24 மணி நேரமும் திறந்திருக்க அனுமதி அளித்தது. பணியாளருக்குச் சுழற்சி முறையில் ஒரு நாள் ஓய்வு என்பது அதன் நிபந்தனை. சுழற்சி என்றால் கணவனுக்குச் செவ்வாய், மனைவிக்கு வியாழன், பிள்ளைகளுக்கு ஞாயிறு என்று அமையலாம். மூவருக்கும் ஓய்வு உண்டு, குடும்பத்திற்கு இல்லை. மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டு செல்லும் இளைஞனுக்கோ சுழற்சியும் இல்லை. ஓடாத நாளில் வருமானமும் இல்லை. அந்த நகரத்தில் கடை நடத்தும் விசுவாசி ஒருவர், தம்மிடம் வேலை செய்யும் இஸ்லாமியருக்கு வெள்ளிக்கிழமையையும் கிறிஸ்தவருக்கு ஞாயிற்றுக்கிழமையையும் இந்துப் பணியாளருக்கு அவர் கேட்கும் நாளையும் ஓய்வாக ஒதுக்க முடியும். உபாகமத்தின் பட்டியலில் உள்ள அந்நியன், விசுவாசத்தின் நிமித்தமன்று, வாசலுக்குள் இருப்பதன் நிமித்தமே ஓய்வு பெறுகிறான்.

கூனியான ஸ்திரீயும் ஓட்டப்பந்தய வீரரும்

இயேசு ஓய்வுநாளில் செய்தவை பலருக்கு இடறலாயின. லூக்கா 13ஆம் அதிகாரத்தில் 18 வருஷம் நிமிரக்கூடாதிருந்த ஒரு ஸ்திரீயை அவர் ஓய்வுநாளில் குணமாக்குகிறார். ஜெபஆலயத்தலைவன் கோபமடைந்தபோது, மாட்டையும் கழுதையையும் கட்டவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே என்று கேட்கிறார். உபாகமத்தின் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்ட அதே மாடும் கழுதையும்தாம்! கட்டவிழ்ப்பதற்கு ஓய்வுநாளைவிடத் தகுந்த நாள் வேறு இல்லை என்பது அவருடைய வாதம். ஓய்வுநாளை அவர் தளர்த்தவில்லை. உபாகமத்தின் காரணத்திற்கு அதைத் திருப்பிக் கொண்டுபோனார்.

1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச்சுற்று ஞாயிறன்று வந்ததால் ஓட மறுத்து, 400 மீட்டரில் 47.6 வினாடியில் வென்ற எரிக் லிடலின் சாட்சியைச் சபைகள் நன்கு அறியும். அதே லிடல், சீனாவில் மிஷனெரியாயிருந்து, ஜப்பானியரின் வெய்சியன் சிறைமுகாமில் அடைபட்டிருந்தபோது, ஞாயிறன்று மேற்பார்வையின்றி விளையாடி அடித்துக்கொண்ட இளைஞருக்காகத் தாமே நடுவராய் நின்று ஆட்டத்தை நடத்திக்கொடுத்தார் என்பது அவ்வளவாய்ச் சொல்லப்படுவதில்லை. 1945ஆம் ஆண்டில் அம்முகாமிலேயே அவர் மரித்தார். தமக்குக் கிடைக்கக்கூடிய பதக்கத்தை ஞாயிறுக்காக விட்டவர், பிறருடைய பிள்ளைகளுக்காகத் தம்முடைய ஞாயிற்றை விட்டார்.

களைத்த ஊழியர்

எபிரெயருக்கு எழுதின நிருபம் 4ஆம் அதிகாரம், தேவனுடைய ஜனத்திற்கு இன்னும் எஞ்சியிருக்கும் ஓர் இளைப்பாறுதலைப் பற்றிக் கூறுகிறது. ஒன்பதாம் வசனத்தில் அதற்கு வழங்கும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் வருவதில்லை. ஓய்வுநாள் ஆசரிப்பு என்பது அதன் நேர்பொருள். அதில் பிரவேசிக்கிறவன் தன் கிரியைகளை முடித்து ஓய்கிறான். கிருபையினால் இரட்சிப்பு என்று ஆறு நாளும் பிரசங்கித்துவிட்டு, ஏழாம் நாளும் தன் பிரயாசத்தினாலேயே எல்லாம் நடக்கும் என்பதுபோல் ஓடுகிறவர், தம் பிரசங்கத்தைத் தம் வாழ்க்கையால் மறுக்கிறார்.

இது பணித்தளங்களில் உள்ளவர்களைப் பற்றியது. மிஷனெரிக்கு ஞாயிறு ஓய்வுநாளன்று. அதிகாலையில் ஒரு கிராமம், நண்பகலில் மற்றொன்று, மாலையில் மூன்றாவது. இரவில் வீடு திரும்பினால் நோயாளியின் வீட்டிலிருந்து அழைப்பு. திங்களன்று அறிக்கை, செவ்வாயன்று கூடுகை, சனியன்று ஆயத்தம். அவருடைய மனைவிக்கு இவை அனைத்தோடும் சமையலும் விருந்தோம்பலும். ‘களைப்படையாத ஊழியர்’ என்று பாராட்டு மடல்களில் எழுதுவது வழக்கம். அது பாராட்டுதானா என்பதைத் திருவிதாங்கூரின் பழைய ஊழியக்காரரிடம் கேட்டிருக்க வேண்டும்.

கர்மேலின் வெற்றிக்குப் பின் சூரைச்செடியின் கீழ்ச் சாவை விரும்பிய எலியாவுக்குத் தேவன் முதலாவது அனுப்பியது கண்டிப்பன்று, புதிய தரிசனமுமன்று, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் உறக்கமும், மீண்டும் ஒருமுறை உணவும் (1 இராஜா. 19). ஊழியத்திற்குச் சென்று திரும்பிய சீஷர்களிடம், புசிக்கவும் அவகாசமில்லாதபடி ஜனங்கள் வந்துபோய்க்கொண்டிருந்தபோது, தனித்த இடத்திற்கு வந்து சற்றே இளைப்பாறும்படி இயேசு கூறினார் (மாற்கு 6:31). அன்று ஜனங்கள் விடவில்லை. முன்னதாகவே ஓடிச்சென்று கரையில் நின்றார்கள். அவர் மனதுருகினார், போதித்தார், போஷித்தார். ஆனால் அன்று மாலையே சீஷர்களைப் படவில் ஏற்றி அனுப்பிவிட்டு, தாம் தனியே மலைக்கு ஏறினார் என்பதையும் மாற்கு மறவாமல் எழுதுகிறார். தள்ளிப்போன ஓய்வு தொலைந்துபோகவில்லை. நிலத்திற்கு மறுக்கப்பட்ட ஓய்வு வருஷங்களோ, 70 வருஷச் சிறையிருப்பில் மொத்தமாய் வசூலிக்கப்பட்டன (2 நாளா. 36:21).

ஆகவே மிஷனெரிக்கு ஞாயிறு இல்லையெனில் திங்களாவது வேண்டும். ஆசாரியர்களும் ஓய்வுநாளில் தேவாலயத்தில் வேலை செய்தனர். ஆனால் லேவியருடைய முறைகள் மாறி மாறி வந்தன, ஒரே கோத்திரம் என்பதற்காக ஒரே மனிதன் எப்போதும் நிற்கவில்லை. இதை நிறைவேற்றுவது பெரும்பாலும் பணித்தளத்தில் இருப்பவருடைய கையில் இல்லை. தாங்குகிறவர்களின் கையில் இருக்கிறது. ஆண்டிற்கொருமுறை குடும்பத்தோடு சொந்த ஊருக்குச் செல்லும் மிஷனெரியை அந்த இரு வாரங்களிலும் ஊர் ஊராய் அறிக்கைக் கூட்டங்களுக்கு அழைக்காதிருக்கலாம். அவருடைய பிள்ளைகள் தகப்பனை முழுதாய்க் காணும் நாட்கள் அவை.

திங்கட்கிழமை காலையில் பணித்தளத்தைத் தொலைபேசியில் அழைத்து, முந்தின நாள் ஆராதனைக்கு எத்தனை பேர் வந்தனர் என்று அன்போடு விசாரிக்கும் பங்காளர்கள் உண்டு. அந்த அழைப்பு செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்கலாம்.